முழுப் பெயரையும் சொல்ல வேண்டும்

சுவரொட்டியின் பசை இன்னும் காய்ந்திருக்கவில்லை. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தபோது காகிதம் கிழியாமல் வழுக்கிக்கொண்டு வந்து, பாதியில் நின்று, சுவரோடு சுருங்கியது. மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் ரோட்டில், பேருந்துகள் திரும்பும் இடத்துக்கு எதிரே இருந்த நீளமான சுவர் அது. மார்கழிக் காலை. பீர்க்கன்கரணையிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருந்தவன், கறுப்புக் கரை போட்ட காகிதத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துவிட்டு இறங்கினேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது. நடுவில், இறந்தவரின் படம் இருக்கவேண்டிய இடத்தில், நாங்கள் விற்றுவந்த நீலப் பெட்டியின் படம். அதற்குப் பொட்டு வைத்து மாலையும் வரைந்திருந்தார்கள். மட்டமான அச்சில் பெட்டி வெறும் கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. தெளிவாக இருந்தது, கீழே 'துயரில் வாடும்' என்பதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த நிறுவனத்தின் பெயர்தான். அது ஒரு மனிதரின் முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு. பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த 'சிஸ்டம்ஸ்' என்ற சொல்லைச் சின்னதாகப் போட்டிருந்தார்கள். அந்த மனிதர் அந்த ஆண்டு ஐப்பசி மழையில்தான் இறந்துபோயிருந்தார்.

"இன்னா சார், உங்க ஓனரு போன மழைலயே பூட்டாரே. மறுபடியும் போட்டுக்கீறாங்க?" என்று டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அவர் இறந்த தேதி எனக்குத் தெரியும். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று வரிசை தவறாமல் நினைவில் வைத்திருப்பது என் வழக்கம்; நண்பர்களின் திருமண நாளை அவர்களுக்கே நினைவூட்டுகிறவன் நான். ஆனாலும் அந்தத் தேதியை இங்கே எழுதப் போவதில்லை. சுவரொட்டியை அச்சடிக்கச் சொன்னவரின் பெயரையும் எழுத மாட்டேன். அவர் பெயர் அச்சில் வருவதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை. மேலாளர் என்றே சொல்கிறேன். அதுதான் போட்டிக் கம்பெனியில் அவர் பதவி. எங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம் வேறு. எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "அவர் பேரு ஒரு தடவை அச்சுல வந்தது போதும்" என்றார்.

அக்கா என்று நாங்கள் எல்லோரும் அழைத்தது இறந்துபோனவரின் மனைவியை. இறந்தவரை நாங்கள் அண்ணன் என்றோம். எண்பதுகளில், கணினி வைத்திருக்கிற அலுவலகத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் குளிர்சாதன அறைக்குள் போகவேண்டியிருந்த காலத்தில், அண்ணனும் மேலாளரும் ஒரே பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேலாளர் சேலையூரில் அண்ணன் வீட்டில் சாப்பிடுவார். அக்காவை 'அண்ணி' என்பார். மீன் குழம்பு நன்றாக இருந்தால் தட்டிலேயே கையைக் காயவைத்துக்கொண்டு இன்னொரு கரண்டிக்குக் காத்திருப்பார் என்று அக்கா பிறகு சொல்லியிருக்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு.

எண்பதுகளின் கடைசியில் அண்ணன் தனியாக வந்தார். ஓர் அலுவலகத்திலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டிகளைச் செய்கிற வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தென்னிந்தியாவுக்கு ஏஜென்சி கொடுக்க ஆள் தேடியது. அண்ணனும் மேலாளரும் தனித்தனியாக எழுதிப் போட்டார்கள், அண்ணனுக்குக் கிடைத்தது. அதுதான் நீலப் பெட்டி. அதற்கு நேர்ப் போட்டியாக இன்னொரு நாட்டுக் கம்பெனி சாம்பல் நிறத்தில் பெட்டி செய்தது. அதன் நகரத்து விநியோகஸ்தரிடம் விற்பனை மேலாளராகப் போய்ச் சேர்ந்தார் இவர். சில ஆண்டுகள் போட்டி ஒழுங்காகத்தான் நடந்தது. குரோம்பேட்டையில் தோல் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் நாங்கள் நீலம் வைத்தால், கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் அவர் சாம்பல் வைப்பார். வாடிக்கையாளர்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் வரவழைத்து, ஒருவர் சொன்ன விலையை மற்றவரிடம் சொல்லிக் குறைப்பார்கள். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் இரண்டு பெட்டிகளுமே ஆண்டுக்கு ஆண்டு நன்றாக ஆனதற்கு அதுதான் காரணம் என்பது அந்தப் போட்டி ஒழிந்த பிறகுதான் புரிந்தது.

அண்ணன் போனபோது அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாடி அலுவலகத்துக்கு வந்து அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தவர், திரும்பிப் போகவில்லை. நாங்கள் நான்கு பேர் வேலை செய்தோம். "தம்பி, இந்தப் பெட்டி உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் போர்டுல எழுதிக் காட்டு. எட்டாம் கிளாஸ் பசங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றார் என்னிடம். இரண்டு வாரம் எழுதிக் காட்டினேன். மூன்றாவது வாரம் நான் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தார்.

கார்த்திகையில் அந்தச் செய்தி வந்தது: சாம்பல் கம்பெனி நீலக் கம்பெனியை வாங்கிவிட்டது. கடல் கடந்து எங்கோ நடந்த விஷயம். அதை அறிவித்த ஃபாக்ஸில் ஒரு வாக்கியம் இருந்தது: வாடிக்கையாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எந்த மாற்றமும் இருக்காது. அதன்பின் எத்தனையோ நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிய செய்திகளைப் படித்துவிட்டேன். அந்த வாக்கியம் இல்லாத அறிவிப்பை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு வந்த அடுத்த ஃபாக்ஸ் ஏஜென்சியை முடித்தது. அதற்கடுத்தது நீலப் பெட்டியின் உற்பத்தியை நிறுத்தியது. சாம்பல் கம்பெனிக்கு எங்கள் பெட்டி வேண்டியிருக்கவில்லை. அது கடையில் இல்லாமல் போவதுதான் வேண்டியிருந்தது. பசித்தவன் வாங்குவது ஒரு வகை. பக்கத்து இலைக்காரன் சாப்பிடக்கூடாது என்று வாங்குவது இன்னொரு வகை. தாம்பரத்தில் மாடியறையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு இரண்டாவது வகைதான் வாய்த்தது.

மேலாளர் இதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார். விற்பனையில் எங்களை வென்றிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் முதலாளியின் முதலாளி எங்கள் கம்பெனியை வாங்கியதை இவர் தன் கைச் சாமர்த்தியம் என்று நினைத்தார். அந்த நினைப்பில்தான் சுவரொட்டி அடித்தார். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும், எங்கள் வாடிக்கையாளர்கள் பார்க்கும்படியாக, ஒரே இரவில் ஒட்டச் சொல்லியிருந்தார்.

அன்று காலை நான் சுவரோடு மல்லுக்கட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழிச்சலூரிலிருந்து அக்காவின் நாத்தனார் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். கையில் பெரிய சாமந்தி மாலை. படியேறும்போதே சத்தம் வந்தது.

"ஏன் அண்ணி, எங்க அண்ணனுக்குக் கும்புட நாள் குறிச்சிக்கினு எனக்குச் சொல்லியனுப்ப ஒரு ஆளு இல்லியா? வருசமே திரும்பல, அதுக்குள்ள இன்னா அவசரம்? பம்மல்ல செவுத்துல பாத்துத்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?"

அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. அவர் இன்னும் சுவரொட்டியைப் பார்த்திருக்கவில்லை. அதற்குள் அண்ணனின் சித்தப்பா ஒருவர் கற்பூரப் பொட்டலத்தோடு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு உறவினர்கள். எல்லோரும் அந்தப் பெயரை மட்டும் படித்துவிட்டு, நினைவு நாள் என்று நினைத்துக் கிளம்பி வந்தவர்கள். நடுவிலிருந்த கறுப்புத் திட்டை அண்ணனின் சரியாக விழாத படம் என்றே நினைத்திருந்தார்கள். "போட்டோ சரியா வுழல, வேற குடுத்திருக்கலாம்" என்றார் சித்தப்பா. மேலாளருக்கே தோன்றியிராத விளைவு இது. அண்ணனின் பெயரைக் கம்பெனியின் பெயராகவே அவர் பார்த்துப் பழகிவிட்டிருந்தார். அது ஒருத்தியின் அண்ணன் பெயர், ஒருவரின் பிள்ளை பெயர் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

நான் கொண்டுபோயிருந்த கிழிசலை அக்கா என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை படித்தார். நாத்தனாரிடமிருந்து மாலையை வாங்கி அண்ணனின் படத்துக்குப் போட்டார். "வாங்கினு வந்த மாலையத் திருப்பியா எடுத்துனு போவ முடியும்" என்றார் நாத்தனார், கிழிசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரல் இறங்கி. எல்லோருக்கும் காபி வரவழைத்தார் அக்கா. யாரிடமும் எதையும் விளக்கவில்லை. அவர்கள் கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்தேன், அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மேலாளரின் குரல் மேஜைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"அண்ணி, சும்மா ஒரு தமாசு. நம்ம ஆபீஸ் பசங்க பண்ணிட்டானுங்க. இந்த ஃபீல்டுல இதெல்லாம் சகஜம் அண்ணி. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க."

"வச்சிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டார்.

பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் கம்பெனியை மூட மாட்டேன். அவன் வாயால இந்தப் பேரை மரியாதையா சொல்ல வெக்கிற வரைக்கும் மூட மாட்டேன். இஷ்டம் இல்லாதவங்க வேற வேலை தேடிக்கலாம்." ஒருவன் தேடிக்கொண்டான். நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செத்துப்போன பெட்டியை யார் நம்புவார்கள்? மேலாளர் ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய், "அவங்ககிட்ட இனிமே ஆணிகூட கிடைக்காது சார்" என்று சொல்லிச் சாம்பல் பெட்டியை வைத்துவிட்டு வந்தார். இரண்டு கம்பெனிகள் அடித்துக்கொண்டபோது குறைந்த விலை, ஒன்றே ஒன்று ஆனதும் ஏறியது. பேரம் பேசியே பழகிய தோல் ஏற்றுமதிக்காரர் என்னிடமே அலுத்துக்கொண்டார்: "யார்கிட்ட போய் யார் விலையச் சொல்றது தம்பி? இருக்கறது ஒருத்தன்தான்."

கழற்றிப் போட்ட நீலப் பெட்டிகளை அக்கா வாங்க ஆரம்பித்தார். வேண்டாமென்று ஒதுக்கியவர்களிடமிருந்தும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் தார்ப்பாய் விரித்து விற்கிறவர்களிடமிருந்தும் வாங்கினார். இரண்டு கெட்டதைப் பிரித்து ஒரு நல்லது செய்வோம். மாறாமல் இருந்த கொஞ்சம் பேரின் பெட்டிகளை அப்படியே ஓட்டினோம். அக்கா ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் கற்றுக்கொண்டார். முந்தானையைச் செருகிக்கொண்டு, புகையை ஊதிவிட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு செய்வார். இது மேலாளர் காதுக்குப் போனது. நகரத்தில் விற்பனைக்காரர்கள் கூடுகிற இடங்களில் எங்களுக்கு அவர் வைத்த பெயர் 'காயலாங்கடை'. "காயலாங்கடை அக்கா எப்படி இருக்காங்க?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நான் அக்காவிடம் வந்து ஒரு தடவைகூட மறைக்காமல் சொல்வேன். மறைத்திருந்தால் எங்கள் கோபம் ஆறிப்போயிருக்கும்.

சந்தையில் பெட்டிகளோடு எனக்கு இன்னொன்றும் கிடைத்தது. விமான நிலையத்துப் பக்கத்து அலுவலகங்கள் கழித்துப் போட்ட வெளிநாட்டுத் தொழில் வார இதழ்களை அங்கே எடைக்குப் போடுவார்கள். சில மாதம் பழையவை. நான் கட்டுக் கட்டாக வாங்கி, தேதி வாரியாக அடுக்கிப் படிப்பேன். வியாபாரிகள் இந்த வாரத்து இதழைத்தான் படிக்கிறார்கள். ஓராண்டு இதழ்களை ஒன்றாகப் படிக்கிறவனுக்கு வேறொன்று தெரியும். எவன் எவனை வாங்கினான், வாங்கிய பிறகு எவ்வளவு காலத்தில் எந்தப் பெட்டி காணாமல் போனது என்று வரிசையாகத் தெரியும். அப்போது எல்லோரையும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெருநிறுவனம் இருந்தது. அது வாங்கும் கம்பெனி, தன்னிடம் இல்லாத பொருளைச் செய்தால் அதை வளர்க்கும். தன்னிடம் ஏற்கனவே இருப்பதைச் செய்தால் கொன்றுவிடும். ஒரு தடவைகூட இது மாறவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி தாண்டியதும் அந்த இதழ்களில் ஒரு வதந்தி அடிபட ஆரம்பித்தது: பெருநிறுவனத்தின் பார்வை சாம்பல் கம்பெனி மேல் விழுந்திருக்கிறது. சாம்பல் பெட்டியைப் போலவே ஒன்று பெருநிறுவனத்திடம் ஏற்கனவே இருந்தது.

நான் அக்காவிடம் சொன்னேன். கரும்பலகையில் எழுதியே காட்டினேன்.

"அப்ப சாம்பலும் நீலம் மாதிரி ஆயிடுமா?"

"ஆயிடும்க்கா. நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன்."

"நூத்துக்கு எவ்வளவு?"

"தொண்ணூறு."

"பாஸ் மார்க்குக்கு மேலயே இருக்கு" என்றார். எழுந்து போய்ப் பலகையைத் தானே அழித்தார்.

அந்த வாரத்திலிருந்து நாங்கள் பழைய சாம்பல் பெட்டிகளையும் வாங்கத் தொடங்கினோம். பெட்டிக்குள் செருகுகிற கார்டுகள்தான் முக்கியம்; கம்ப்யூட்டரிலிருந்து வரும் வயர்கள் அவற்றில்தான் வந்து சேரும். ஒரு கம்பெனியின் கார்டு இன்னொரு கம்பெனியின் பெட்டியில் நுழையாது. மாடியின் பின்னறை நிறைந்து, கழிவறைக்குப் போகும் வழியில் பக்கவாட்டில் நடக்கவேண்டியதாயிற்று. சந்தைக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் சாம்பல் கார்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார்கள்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி எங்கள் பழைய வாடிக்கையாளர். அண்ணன் வைத்த நீலப் பெட்டிகள் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கல்லூரியின் தாளாளர் புதிய கட்டடம் முழுக்க வலையமைப்புப் போட முடிவுசெய்து எங்களையும் மேலாளரையும் ஒரே மேஜைக்குக் கூப்பிட்டார். மேலாளர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணியும் வந்திருக்காங்களா. பழைய சாமான் ஏதாவது இருந்தா எடுத்துட்டுப் போக வந்திருப்பாங்க சார்" என்றார் தாளாளரிடம். தாளாளர் சிரிக்கவில்லை. அவருடைய உதவியாளர் சிரித்தார்.

அக்கா கோபப்படவில்லை. "சார், என்கிட்ட புதுப் பெட்டி இல்ல. நான் போட்டிக்கு வரல" என்று தாளாளரிடம் சொன்னார். "ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கறேன். எங்க நீலப் பெட்டி நின்னப்போ நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இவங்க பெட்டியும் அப்படி நின்னுபோச்சுன்னா? அஞ்சு வருஷத்துக்குக் கார்டு கிடைக்கும்னு இவர் பொறுப்பு ஏத்துக்குவாரா? கம்பெனி இல்ல சார், இவர்."

தாளாளர் மேலாளரின் பக்கம் திரும்பினார். இந்தப் பக்கத்துத் தாளாளர்களை அறிந்தவர்களுக்குத் தெரியும்; ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் வக்கீலிடம் விட்டுவிடுவார்கள். மேஜையில் வாய்விட்டுச் சொன்ன சொல்லைத்தான் தாங்கள் பிடித்துக்கொள்வார்கள். மேலாளருக்கும் அது தெரியும். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டது காயலாங்கடை.

"அஞ்சு வருஷம் என்ன சார், இந்த பில்டிங் நிக்கிற வரைக்கும் கார்டு வரும். எங்க கம்பெனி அடுத்தவனை வாங்கற கம்பெனி. எங்களை எவன் வாங்குவான்? என் சொந்தப் பொறுப்பு" என்றார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க" என்றார் தாளாளர்.

அக்கா எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, "தம்பி, எனக்கு இன்னிக்கு மீன் குழம்பு வெக்கணும் போல இருக்கு" என்றார்.

நான் படித்திருந்ததை அந்த மேஜையில் சொல்லியிருக்கலாமே என்று இதைப் படிக்கிற சிலருக்குத் தோன்றும். சொல்லவில்லை. இன்று அந்த மேஜையில் என்னை உட்காரவைத்தாலும் சொல்ல மாட்டேன்.

மறு ஆண்டு அறிவிப்பு வந்தது. பெருநிறுவனம் சாம்பல் கம்பெனியை வாங்கிவிட்டது. வாடிக்கையாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எந்த மாற்றமும் இருக்காது. நாங்கள் அந்த வரியை மட்டும் உரக்கப் படித்தோம். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எல்லாம் பழைய வரிசையிலேயே நடந்தது. மேலாளரின் நிறுவனத்திடமிருந்த ஏஜென்சி பம்பாயில் பெருநிறுவனத்தின் சொந்த ஆட்களுக்குப் போனது. சாம்பல் பெட்டி நின்றது. கார்டுகள் வருவது நின்றது. நேற்றுவரை மேலாளர் மட்டம்தட்டிய பெருநிறுவனத்தின் பெட்டியைத்தான் இனி அவர் புகழவேண்டும், அதுவும் யாராவது அவருக்கு விற்கக் கொடுத்தால்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் கல்லூரிப் பக்கம் இடி இறங்கியது. மேலாளர் சாம்பல் பெட்டிகள் வைத்திருந்த புதிய கட்டடத்தில் பாதிக் கார்டுகள் கருகிவிட்டன. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முழுவதையும் மாற்றிப் புதிது வரவழைக்க மாதக்கணக்காகும். தாளாளர் மேலாளரை அழைத்து அந்த மேஜையிலேயே உட்காரவைத்து, அவர் சொன்ன சொல்லைச் சொல் மாறாமல் அவருக்கே திருப்பிச் சொன்னார் என்று கேள்விப்பட்டோம். நகரம் முழுவதும் கார்டு தேடிய மேலாளரிடம் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்: தாம்பரத்தில் ஓர் அம்மா வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேலாளர் வந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. டை இல்லை. படியில் நின்று செருப்பைக் கழற்றினார். எங்கள் அலுவலகத்தில் அந்த வழக்கம் கிடையாது. அக்கா ஒரு கார்டைப் பிடித்துச் சால்டர் வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் நாற்காலியைக் காட்டினார். அந்தக் கார்டு முடிந்து, அடுத்த கார்டையும் எடுத்து முடித்தார். நான் என் மேஜையை விட்டு எழவில்லை. காபி வாங்கி வர யாரும் போகவில்லை.

"அண்ணி" என்றார் அவர் கடைசியில்.

"மேடம்னு சொல்லுங்க. கஸ்டமர் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"மேடம். உங்ககிட்ட கார்டு இருக்குன்னு சொன்னாங்க. என்ன விலைன்னாலும் எடுத்துக்கறேன். என் வேலையே போயிடும் போல இருக்கு."

"உங்களுக்கு விக்க மாட்டேன்."

"அப்ப காலேஜ் என்ன ஆவும்? அண்ணன் பெட்டி வச்ச காலேஜ் அது."

அண்ணன் என்று அவர் சொன்னபோது சால்டரிங் இரும்பை அக்கா தாங்கியில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"காலேஜுக்கு நாங்க பாத்துக்கறோம். இன்னிக்குச் சாயங்காலமே போடுவோம். நீங்க தாளாளருக்குப் போன் போட்டு, என்னால முடியல, இனிமே எல்லாத்தையும் இவங்க பாத்துக்குவாங்கன்னு சொல்லணும். இவங்கன்னா யாருன்னு பேரைச் சொல்லணும்."

அவர் எண்களைச் சுழற்றினார். தாளாளர் வந்ததும், "சார், நான்தான்… கார்டு… தாம்பரத்துல நம்ம சிஸ்டம்ஸ்காரங்க…" என்று தொடங்கினார்.

"முழுப் பேரையும் சொல்லுங்க" என்றார் அக்கா. "இனிஷியலோட."

அவர் சொன்னார். அண்ணனின் தலைப்பெழுத்து, பெயர், பிறகு சிஸ்டம்ஸ். அங்கே சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. ஏழெட்டு ஆண்டுகளாக அந்த நொடிக்காகத்தான் அந்த அறையில் விளக்கு எரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், பாட்டுக் கேட்பதுபோல்.

சாயங்காலம் நான் ஆட்டோவில் கார்டுகளோடு போனேன். தேர்வு குறித்த நாளில் நடந்தது. கல்லூரியின் பராமரிப்பு எங்களுக்கு வந்தது. அதை வைத்து இன்னும் பல ஆண்டுகள் ஓடினோம். பிறகு யாரும் எங்களை மூடவைக்காமல், நாங்களாகவே ஒரு சித்திரையில் மூடினோம். மேலாளரை அவர் நிறுவனம் வைத்துக்கொள்ளவில்லை. வேறொரு பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தார். அதையும் எவனோ வாங்கினான். கடைசியில் சேலையூரில் வீட்டு வாடகை பேசி முடிக்கிற வேலை பார்த்தார்.

அவர் போன் செய்துவிட்டுப் போன சில மாதங்களில் தாம்பரம் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். "சார், எங்க கம்பெனி பேரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். சுற்றிலும் ஆட்கள். சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இனிஷியலோட சொன்னானா?" அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் கேட்பேன். கல்யாண வீட்டில், வங்கியில், ரயில் பெட்டியில். தூரத்தில் என்னைப் பார்த்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். நானும் மறுபக்கம் போவேன். ஒவ்வொரு தடவையும் சொன்னார். எந்த ஆண்டு எந்த இடத்தில் என்பதெல்லாம் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது.

பெருநிறுவனமும் இப்போது இல்லை. அதை உடைத்துத் துண்டு துண்டாக வாங்கினார்கள். நீலம், சாம்பல், அதை விழுங்கியது என்று எல்லாப் பெயர்களும் போய்விட்டன. அக்கா நாவலூரில் மகளின் அடுக்ககத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறார். மகள் வேலை செய்யும் கம்பெனியை யாரோ வாங்கப்போவதாகப் பேச்சு வந்திருக்கிறது. எந்த மாற்றமும் இருக்காது என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்களாம்.

போன மாதம் அந்த ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மருந்துக்கடை வாசலில் மேலாளரைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழவில்லை; மறுபக்கம் போக முயலவும் இல்லை. கிட்டே போய்க் கேட்டேன்: "சார், எங்க கம்பெனி பேரு ஞாபகம் இருக்கா?"

அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். "நீங்க ஈபி ஆபீஸா?" என்றார்.

மருந்து வாங்கிக்கொண்டிருந்த மருமகள் திரும்பினார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். மாமாவுக்கு ஒரு வருஷமாவே இப்படித்தான். என் பேரே தெரியாது அவருக்கு."

நான் இன்னொரு தடவை கேட்டேன். அவர் சிரித்தார். எங்கள் மூன்று நான்கு பேரைத் தவிர அந்தப் பெயரைத் தலைப்பெழுத்தோடு வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நாவலூர் போனேன். அக்கா பால்கனியில் உட்கார்ந்து பேத்தியின் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடினார். எதிரே அலுவலகக் கட்டடங்களின் கண்ணாடியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நடிக்கிறான்" என்றார்.

"இல்லக்கா. மருமகளே சொன்னாங்க."

"அவளும் நடிப்பா. தப்பிச்சிக்கலாம்னு பாக்கறான்." பேனாவைத் திறந்து நோட்டுக்குத் திரும்பினார். "அடுத்த வாரம் போய் இன்னொரு தடவை கேளு."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனேன். இந்த வாரமும் போவேன்.